மாதாவின் வயிற்றுக் கீறல்கள்

மொந்தேசால்வோ,
12 மார்ச் 1956

அன்புள்ள துய்லியோ அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். எனக்கு ஏழாம் மாதம். நீ உன் சர்க்கார் பட்டறைக்குப் பழுதுபார்க்க வாங்கிப்போன நம் கோயில் கர்ப்பவதி மாதா பலகைப் படம் லாரியில் வந்து சேர்ந்தது. நன்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் வரவில்லை.

ஐந்நூறு வருடமாக இவ்வூர்ப் பிள்ளைத்தாய்ச்சிகள் கல்யாண மோதிரத்தால் மாதாவின் வயிற்றைத் தொட்ட பிறகுதான் பிரசவத்துக்குப் போவார்கள். எத்தனை கீறல்! நம் செத்துப்போன அம்மா போட்டது வளைந்து தொப்புள்வரை இறங்கும். இப்போது ஒன்றையும் காணோம், வழவழவென்று நிற்கிறாள். "உங்கண்ணன் அசலை எவனுக்கோ வித்துட்டு நகலை நம்ம தலையில கட்டிட்டானாடி?" என்று எதிர்வீட்டு அசுந்தா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

போன முறை காய்ச்சலில் கிடந்து மோதிரம் வைக்காமல் விட்டேன், பிள்ளை தங்கவில்லை. இது அவள்தானா? மறைக்காமல் எழுது.

தங்கை ஓர்சொலா

புளோரன்ஸ்,
20 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

அசுந்தாவுக்கு வேறு வேலை இல்லையா? அசல்தான். மற்றதை நேரில் சொல்கிறேன். பிரசவத்துக்கு இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. படத்தில் மட்டும் மோதிரம் வைக்காதே, யாரையும் வைக்க விடாதே.

துய்லியோ

மொந்தேசால்வோ,
27 மார்ச்

அண்ணா,

மற்றது என்றால் எது? ஏன் வைக்கக் கூடாது? குட்டு வெளிப்பட்டுவிடும் என்றா? சின்ன வயதில் பாலாடைக்கட்டியைத் திருடித் தின்றுவிட்டும் இப்படித்தான், "அப்புறம் சொல்றேன்" என்பாய்.

போரில் ஜெர்மன்காரர்கள் தேடி வந்தபோது அம்மா மாதாவைக் கட்டிலடியில் ஒளித்து, மேலே படுத்துப் பிரசவ வலி வந்தவள்போல் அலறினாளே. அப்படிக் காத்த படத்தை உன்னை நம்பி அனுப்பச் சொன்னவள் நான். என் வயிறு எரிகிறது.

ஓர்சொலா

மொந்தேசால்வோ,
9 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நேற்றுப் பெண்கள் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். "தொடாதீங்கம்மா, சர்க்கார் உத்தரவு" என்று பங்குச் சாமியார் குறுக்கே நின்றார். "சாமியாருக்கா பிரசவம்?" என்றாள் அசுந்தா. மனிதர் ஒதுங்கிக்கொண்டார்.

மோதிரத்தை வைத்தேன். கொஞ்சம் அழுத்திவிட்டேன். வண்ணம் பொருக்காக உதிர்ந்தது, அடியில் வெள்ளைப் பூச்சு. அதையும் சுரண்டினேன். வளைந்த கீறல் ஒன்று தொப்புள்வரை இறங்கியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உன்னைத் திருடன் என்று நினைத்தேன், மன்னித்துவிடு. ஆனால் அம்மா போட்டது என்று தெரிந்தும் அதைப் பழுது என்று பூசி மூட உனக்கு எப்படிக் கை வந்தது? அதைச் சொல்ல முடியாமல்தானே "நேரில்" என்றாய்?

இப்போது ஊர்ப் பெண்கள் கொண்டை ஊசியோடு ஆளுக்கொரு கீறலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என்னுடையதும் அம்மாவுடையதன் பக்கத்தில் விழுந்திருக்கிறது. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் கட்டாயம் வா. பூச்சுக் கரண்டியை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா.

உன் ஓர்சொலா