ரயில் தூசி இல்லாத கார்

ஏப்ரல் 9

ஈஸ்டர் நெருங்குகிறது. எங்கள் ஊர் கோர்னாவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கார் பளபளக்க வேண்டுமாம். என் கார் கழுவும் கொட்டகையில் நிற்க இடமில்லை. இஸ்க்ரா இன்றும் தாமதம். நாத்தனாரை வேலைக்கு வைத்துக்கொண்டால் திட்டவும் முடியாது, திட்டாமல் இருக்கவும் முடியாது.

பெயின்டில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கும் க்ளே கட்டியைத் தரையில் போட்டுவிட்டு, ஊதித் துடைத்து மறுபடியும் தேய்க்கப் போனாள். பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். தரை மணல் ஒட்டிய க்ளே பெயின்டை முழுக்கக் கீறிவிடும்.

"ஒரு தடவைதானே அண்ணி?"

"ஒரு தடவைகூடக் கிடையாது."

ஏப்ரல் 13

இன்று எங்கள் கார். வருடா வருடம் குளிருக்கு முன்னால் அக்டோபரில் ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவை, இதை நானேதான் செய்வேன். என் கணவன் யாசென் ரயில் யார்டில் பெட்டிகளைக் கோக்கிறான். கார் பகல் முழுவதும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ரயில் பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூசி பெயின்டுக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். கழுவினால் போகாது. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவினால் ரவையைத் தடவுவது போல இருக்கும்.

இந்தத் தடவை வழுவழுவென்று இருக்கிறது.

இரும்பைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தேன். இரும்பு இருந்தால் ஊதா நிறமாக வழிய வேண்டும். வெறும் தண்ணீர்தான் வழிந்தது. சோப்புத் தண்ணீர் அடித்து க்ளேயால் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் பழுப்பாகிவிடும் கட்டி, இன்று நீலம் நீலமாகவே இருக்கிறது. கூரையில் மட்டும் மஞ்சளாகச் சில பொட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. முகர்ந்து பார்த்தேன். பைன் பிசின்.

யார்டில் ஒரு செடிகூடக் கிடையாதே?

ஏப்ரல் 14

திரவம் கெட்டுப்போயிருக்கும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 16

கெட்டுப்போகவில்லை. பிளாமென் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்தான். அவனும் யாசெனும் ஒரே யார்டு, ஒரே ஷிப்டு. அதே குப்பியிலிருந்து தெளித்தேன். கதவெல்லாம் ஊதாவாக வழிந்தது. க்ளேயை மூன்று முறை மடித்துப் பிசைந்தும் பழுப்பு தீரவில்லை.

சாவியை வாங்கும்போது கேட்டான்: "யாசென் எப்படி இருக்கான்?"

"தினமும் பாக்குறது நீ. என்கிட்ட கேக்குற?"

சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினான். "இல்ல, சும்மாத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அப்படியானால் காலை ஆறு மணிக்கு நான் சுட்டுக் கட்டிக் கொடுக்கும் சீஸ் பானித்சாவை எடுத்துக்கொண்டு யாசென் எங்கே போகிறான்?

ஏப்ரல் 19

சாப்பிடும்போது யாசெனிடம் கேட்டேன், "யார்டுல எப்படிப் போகுது?"

"எப்பவும் போலத்தான்."

டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டான். அதற்கு மேல் என்ன கேட்பது? உன் கார் சுத்தமாக இருக்கிறது, ஆகவே நீ பொய் சொல்கிறாய் என்றா? கேட்டால் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள்.

இஸ்க்ராவிடம் மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கண்ணனா? இன்னொருத்தியா? ஒரு செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குற ஆளு அண்ணி அவன்!" நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. பைன் மரங்கள் ஊருக்கு வெளியே அர்பனாசி மேட்டில் இருக்கின்றன. அங்கே பணக்காரர் வீடுகளும் இருக்கின்றன. யார் அவள்?

ஏப்ரல் 21

மெழுகு பூசுகிறேன் என்று சொல்லிக் காரை மறுபடி வாங்கினேன். தேய்த்த காரையே திரும்பத் தேய்த்தேன். எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியவில்லை. லிப்ஸ்டிக் கறையா? கார் கூரையிலா? மூளை குழம்பிப் போயிருக்கிறது.

க்ளே கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தேன். தெரிந்தேதான் எடுத்தேன். பானெட் முழுவதும் தேய்த்தேன். சரக் சரக்கென்று சத்தம் கேட்டது, நிறுத்தவில்லை.

ஏன் இப்படிப் பண்ணினேன்? ஐயோ, ஏன்?

ஏப்ரல் 22

காலை வெயிலில் யாசென் பானெட் முன்னால் நின்றான். கருநீலப் பெயின்ட் முழுக்கக் கீறல்.

"க்ளே கீழ விழுந்துச்சா?"

"ம்."

"விழுந்ததையே தேச்சியா? நீயா?"

கீறல்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"யாரு சொன்னா? பிளாமெனா?"

"உன் கார்தான் சொல்லுச்சு. அதுல ரயில் தூசியே இல்ல."

பிறகு சொன்னான். வலது காது போய்விட்டதாம். நவம்பரில் பின்னால் பெட்டி நகர்ந்து வந்தது அவனுக்குக் கேட்கவே இல்லை. "பிளாமென் சட்டையப் புடிச்சு இழுக்கலைன்னா இன்னிக்கு நான் இல்ல." அன்றிலிருந்து மருத்துவ விடுப்பு. யார்டில் அத்தனை பேருக்கும் தெரியும். என்னிடம் மட்டும் சொல்லாமல், தினமும் அர்பனாசி மேட்டில் பைன் மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு மாலைவரை உட்கார்ந்திருக்கிறான்.

"அங்க என்னடா பண்ணுவ?"

"பானித்சா சாப்பிடுவேன்."

ஏப்ரல் 23

இன்னொருத்தி இருந்திருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும். கத்தியிருப்பேன், துணிமணியை வெளியே எறிந்திருப்பேன். இதற்கு என்ன செய்வது? கோபம் வருகிறது. கோபம் வந்த கையோடு, அந்தப் பெட்டி அவன் முதுகுக்குப் பின்னால் வருவது கண்ணில் தெரிகிறது. செத்திருப்பான். நான் இங்கே யாருடைய காரையோ துடைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நெசமாயிடும்னு தோணுச்சு" என்றான்.

ஏப்ரல் 27

பாலிஷ் மிஷின் போட்டுக் கீறல்களைக் குறைத்தோம். அவன் பிடித்தான், நான் பார்த்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது. ஆழமானவை அப்படியே இருக்கின்றன.

மே 2

ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போட வேண்டிய வியாழன். போடவில்லை. பக்கத்து ஊர் தர்னோவோவில் காது டாக்டர் இன்றுதான் வரச் சொல்லியிருந்தார்.

புறப்படும்போது யாசென் சாவியை என்னிடம் நீட்டினான். இந்தக் காரை அவன் யாரையும் ஓட்ட விட்டதில்லை. "நீ ஓட்டு" என்றான். காரைச் சுற்றிக்கொண்டு போய், நான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். கண்ணாடியைச் சரிசெய்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்டியரிங் இடப்பக்கம்; இத்தனை மாதமாக நான் வலப்பக்கம் உட்கார்ந்து அவனுடைய செத்த காதோடு பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது அவனுடைய நல்ல இடது காது என் பக்கம் இருந்தது.

வழியெல்லாம் பேசினேன். ஒன்றையும் விடாமல் பதில் சொன்னான். தர்னோவோ போய்ச் சேர்வதற்குள் இரண்டு சண்டை.