சுவரில் மாட்டியிருந்த நாற்காலி

ஜனவரி 9, வியாழன்

டுலூத் நகரில் பனி விட்டபாடில்லை. வேன் முக்கால் மணி நேரம் தாமதம். பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்குள் நுழைந்ததும் கொரீன் என் கையுறைகளைக் கழற்றி, விரல்களைத் தேய்த்துவிட்டாள். பன்னிரண்டு வருடமாக என்னைக் கவனித்துக்கொள்கிறவள். "என்ன மகாராணி, மூஞ்சி பாக்க சகிக்கல?" என்றாள்.

சகிக்காதுதான். நாளைக்குத் தீ ஒத்திகை என்று மேற்பார்வையாளர் டேல் சொல்லிவிட்டார்.

ஜனவரி 10

மணி அடித்தது. எல்லாரும் மாடிப்படி இறங்கிப் போனார்கள். இங்கே நடக்க முடியாதவள் நான் ஒருத்திதான். மணி அடித்தால் லிஃப்ட்டும் ஓடாது. எனக்காகவே, படியில் சறுக்கி இறக்குகிற ஒரு மடக்கு நாற்காலியை உறை போட்டுப் படிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். போன வருடம் இரண்டு பையன்கள் என்னை அதில் பட்டை போட்டுக் கட்டி இறக்கினார்கள். கீழே நின்ற கூட்டம் முழுக்கக் கை தட்டியது. ஐம்பத்து மூன்று வயதில், மூட்டை மாதிரி இறங்கியதற்குக் கைதட்டல்! செத்தாலும் இனி அதில் உட்கார மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அந்தப் பையன்கள் வேலையை விட்டும் போய்விட்டார்கள்.

"ஒரே ஒரு தடவை, மார்லிஸ். எனக்கு அதைப் பிரிக்கக்கூடத் தெரியாது. உன்னை வெச்சுத்தான் பழகணும்" என்றாள் கொரீன்.

"பழகறதுக்கு நான் என்ன பொம்மையா?"

சிரித்துவிட்டாள். மற்றவர்கள் திரும்பி வரும்வரை இருவரும் படி முனையில் உட்கார்ந்து கறுப்பு மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தோம். டேல் எட்டிப் பார்த்து, "சரி, இறங்கிட்டதா வெச்சுக்கலாம்" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12

நேற்று மணி நிஜமாகவே அடித்தது.

கீழ்த்தளத்தில் ஹீட்டர் பற்றிக்கொண்டது. படிக்கட்டில் புகை. எல்லாரும் இறங்கியாயிற்று. நானும் கொரீனும் மட்டும் மேலே. அவள் நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்தாள். உறை வந்துவிட்டது, நாற்காலி விரியவில்லை. எந்தப் பிடியை இழுப்பது — மேலே இருப்பதையா, பக்கத்தில் இருப்பதையா — இரண்டையும் மாறி மாறி இழுத்தாள். "இதத் தொறக்கறது எப்படி? நீ ஒக்காந்திருக்கியே, சொல்லேன்!" என்று கத்தினாள். எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு அவமானத்தில் கண்ணை மூடிக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தேன்.

"என்னை விட்டுட்டுப் போ. தீயணைப்புக்காரங்க வந்துருவாங்க."

"வாய மூடு. கழுத்தக் கட்டிக்க."

முதுகில் ஏற்றிக்கொண்டாள். பாதிப் படி வந்துவிட்டோம். அப்புறம் அவள் கால் —

நான் அவள் மேல்தான் விழுந்தேன். அதனால்தான் எனக்கு முழங்கையில் வெறும் சிராய்ப்பு.

பிப்ரவரி 14

அவளுக்கு முதுகெலும்பு முறிவு. இன்று அறுவை சிகிச்சை. என்னைப் பார்க்க விடவில்லை.

பிப்ரவரி 20

டேல் வந்தார். "கொரீன் கையால தூக்கியிருக்கக் கூடாது. மையத்தோட விதிமுறை அப்படி" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"நாற்காலி திறக்கலன்னா அவ வேற என்னதான் செய்வா?"

"பழகியிருக்கணும்."

"பழக விடாதது நான். சரின்னு போனது நீங்க."

தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். அவருக்கும் ராத்திரியில் தூக்கம் இல்லை போலிருக்கிறது. மேலே கத்த மனம் வரவில்லை.

மார்ச் 6

இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். புதிதாக வந்திருக்கும் பெண் முதலில் பட்டையை மாற்றிப் போட்டாள். நானே, "அவுத்துட்டு மறுபடி போடு" என்றேன். மறுபடி. மறுபடி. கடைசியில் கீழே தெருவரை இறக்கிவிட்டாள். கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். தட்டட்டும்.

ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதற்கா? இதற்காகவா அப்படி அடம் பிடித்தேன்?

ஏப்ரல் 26, சனி

கொரீன் வீட்டுக்குப் போனேன். வாசலில் படிகள் இருப்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் போனதில்லை. நான் கீழே பாதையில், சக்கர நாற்காலியில். அவள் மேலே, வாக்கரைப் பிடித்துக்கொண்டு. படி இறங்க இன்னும் அனுமதி இல்லையாம். தூக்குகிற வேலை இனி எப்போதுமே கூடாதாம்.

"அப்போ மையத்துக்கு?"

"வர முடியாது. தினமும் உன் மூஞ்சிய பாக்கறதிலேர்ந்து விடுதலை."

சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. "என்னைத் திட்டேன், கொரீன்."

"திட்டாமயா? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு தினமும் திட்டினேன். இப்ப அலுத்துப்போச்சு."

குளிராக இருக்கிறதே, காபி தருகிறேன் என்று உள்ளே போனாள். வாக்கரில் தொங்கிய கூடையில் கோப்பையை வைத்து, மெல்ல மெல்லத் திரும்பி வந்தாள். குனிய முடியாது என்பதால் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். நான் கையை நீட்டினேன். எட்டவில்லை. அவளும் பார்த்தாள். வேன் வரும்வரை வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம். கோப்பையிலிருந்து ஆவி வருவது எப்போதோ நின்றுவிட்டது.