கொல்லனும் நிழலும்

மார்ச் 4, செவ்வாய்

எக்ஸ்ரே அறையில் கூட்டம் குறைவு. டீ நேரத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து வம்பை ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் குத்துச்சண்டைப் பைத்தியம். என் ஆள் கொல்லன் என்று பட்டப்பெயர் எடுத்த பழைய வீரன், அப்பா சொல்லிச் சொல்லி மனதில் நின்றவன். அவருடைய ஆள் நிழல், இப்போது மேடையில் இருப்பவன். நடுவில் அறுபது வருடம். இருந்தால் என்ன? வாயாலேயே மோதவிட்டுவிட்டோம். பன்னிரண்டு சுற்று. ஒரு டீக்கு ஒரு சுற்று. டீ தீர்ந்தால் சுற்று முடிந்தது.

மார்ச் 11

ஐந்தாவது சுற்று. நிழல் நழுவிக்கொண்டே இருப்பானாம். எவ்வளவு தூரம்? கயிறு வரைக்கும்தானே! நழுவுவது எப்படி என்று அவர் எழுந்து தோளைச் சாய்த்துக் காட்டியதில் டீ முழுக்கச் சட்டையில். அந்தக் கறையோடுதான் சாயங்காலம் வரை வண்டி ஓட்டினார்.

மார்ச் 12

வீட்டில் அண்ணி கேட்டார்: "செத்துப்போனவன் ஜெயிச்சா உனக்கென்ன, தோத்தா உனக்கென்ன?"

மார்ச் 18

ஒன்பதாவது சுற்று. கொல்லனுக்குப் புருவம் கிழிந்துவிட்டது. நானே ஒத்துக்கொண்டேன். அவர் அப்போதே முடித்திருக்கலாம். "மருந்து வச்சாச்சு, ரத்தம் நின்னுடுச்சு" என்று விட்டுவிட்டார். எதிராளிக்கு மருந்து வைக்கும் ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 20

அவருக்கு மாற்றல். ஆறு மணி நேரப் பயணம். அடுத்த வெள்ளிதான் இங்கே கடைசி நாள். உத்தரவைக் காட்டிவிட்டு டீ குடிக்காமலே போய்விட்டார்.

மார்ச் 21

எரிச்சல் எரிச்சலாக வருகிறது. அவர் என்ன செய்வார், பாவம். போகாதீங்கன்னு சொல்லவா? எந்த உரிமையில? நாற்பத்திரண்டு வயசுல எனக்கு இதெல்லாம் தேவையா?

பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுப் படம் எடுத்தேன். மூச்சை இழுத்துப் பிடிங்க என்றவள், விடுங்க என்று சொல்ல மறந்துவிட்டேன். மனிதர் முழி பிதுங்கி நின்றார்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

பன்னிரண்டாவது சுற்று. அடிக்க இருவருக்கும் மனமில்லை. களைத்துப்போய் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் காது சுட்டது.

டீயில் ஆடை படிந்துவிட்டது. அவர் எழுந்து வாசல் வரை போனார். திரும்பினார்.

"உங்க ஆள் காலத்துல பதினஞ்சு சுற்று இல்ல?"

ஆமாம்! பன்னிரண்டு என்பது இந்தக் காலத்துக் கணக்கு. யாருடைய காலத்து விதிப்படி மோதுவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. இத்தனை சண்டை போட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"அப்போ இன்னும் மூணு பாக்கி இருக்கு. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான். வரட்டுமா?"

வாங்க என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வந்தார். பதின்மூன்றாவது சுற்று, எங்கள் வீட்டுச் சமையலறையில். அண்ணி நிழல் பக்கம் சேர்ந்துவிட்டார். துரோகி.

மே 11

பதினான்காவது சுற்று மூன்று ஞாயிறாக நடக்கிறது. இவ்வளவு மெதுவாக டீ குடிக்கிறவரை நான் பார்த்ததில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அவர் இருக்கும் ஊர் மருத்துவமனையிலும் எக்ஸ்ரே அறை இருக்கிறது. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பதினைந்தாவது சுற்று இன்னும் தொடங்கவில்லை. அண்ணி இன்று டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சீக்கிரம் சண்டைய முடிச்சுட்டு ஒரு தேதியப் பாருங்க" என்றார்.

சண்டை முடிய வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். தேதியை அண்ணியையே பார்க்கச் சொன்னோம்.