பிங்கோவை நோட்டில் எழுதி வைத்தவனுக்கு

என் அன்பு வேதா,

எரிச்சலோடுதான் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தவனிடம் எரிந்து விழக் கூடாது என்று எனக்கும் தெரியும். நம் முன்னாள் படைவீரர் சங்கத்தின் செய்திமடலுக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். ‘அன்னார் சிறந்த பண்பாளர்’ என்று தொடங்கி மூன்று முறை எழுதி, மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். பண்பாளன் செய்கிற வேலையா நீ செய்தது?

வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆவடியில் ஓர் இதய மருத்துவரிடம் எனக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறார்கள். போவேனா மாட்டேனா என்று இந்த வரியை எழுதும்போது எனக்கே தெரியவில்லை. எழுபத்து மூன்று வயதில் என்னை இப்படிக் கொண்டுவந்து நிறுத்தியவன் நீ. அதனால் நீதான் கேட்க வேண்டும்.

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். விமானப்படையின் ரேடியோ அறையில் நாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நீ மைக்கில் பேசுவாய்; நான் நேரம் போட்டு, யார் என்ன சொன்னார் என்று பதிவேட்டில் எழுதுவேன். மேலே பறக்கும் விமானிக்கு முழு வாக்கியம் பேச நேரம் இருக்காது. ஒரு சொல்லில் முடிப்பார். எதிரி விமானம் கண்ணில் பட்டால் ‘டேலி’. படவில்லை என்றால் ‘நோ ஜாய்’. எரிபொருள் குறைகிறது, திரும்புவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றால் ‘ஜோக்கர்’. இப்போதே திரும்பாவிட்டால் வீடு போய்ச் சேர முடியாது என்றால் ‘பிங்கோ’.

ஜோடியாகப் பறப்பவர்களில் தலைவர் ‘ஒன்’, கூட வருபவர் ‘டூ’. இருவரில் எவர் பிங்கோ சொன்னாலும் இருவரும் திரும்ப வேண்டும். அவர் போகட்டும், நான் கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன் என்ற பேச்சே கிடையாது.

நீயும் நானும் ஒரு நாளும் விமானம் ஓட்டியதில்லை. சரக்கு விமானத்தில் ஒரே ஒரு முறை ஏறினாய், இறங்கும்வரை வாந்தி எடுத்தாய். அப்படிப்பட்டவன் ஓய்வுபெற்று பட்டாபிராமுக்கு வந்ததும் போர் விமானி ஆகிவிட்டாய். காய்கறிக் கடையில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி “நோ ஜாய் மாமே, கறிவேப்பிலை நோ ஜாய்!” என்று கத்துவாய். கடைக்காரர் என்னைத்தான் பார்ப்பார். எனக்கு உடம்பு கூசும். ரயிலில் இடம் பார்த்தால் டேலி. வீட்டில் உப்பு தீர்ந்தால் பிங்கோ. எத்தனை முறை கெஞ்சியிருப்பேன், மனிதர் பேசுவதுபோல் பேசு என்று?

நீ என்னைப் பழித்ததும் நினைவிருக்கிறது. ‘ரோஜர்’ என்றால் நீ சொன்னது காதில் விழுந்தது என்று பொருள், அவ்வளவுதான். ‘வில்கோ’ என்றால் காதில் விழுந்தது, சொன்னபடி செய்வேன் என்று பொருள். “இன்னா மாமே, நாப்பது வருசமா ரோஜர் ரோஜர்னே ஓட்டிகினு கீற. ஒரு தபாவாவது வில்கோ சொல்லேன். வாய்ல இன்னா கொயக்கட்டையா வச்சிகினு கீற?” என்பாய். செய்வேனா என்று உறுதியாகத் தெரியாதபோது செய்வேன் என்று எப்படிச் சொல்வது? பதிவேடு எழுதியவன் நான். சொன்னால் பதிவாகிவிடும் அல்லவா?

இனி நோட்டுக்கு வருகிறேன்.

உன் காரியங்கள் முடிந்து இரண்டு மாதம் ஆனபின் உன் மனைவி ராஜேஸ்வரி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கூடத்தில் உன் நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டிருந்தாள். அலமாரியிலிருந்து ஒரு பச்சை அட்டை நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“அவுரு எழுதி வச்சிகினு கீறாருண்ணே. எல்லாம் உங்க ரேடியோ பாஷை. இன்னா எழுதிக்கீறாருன்னு படிச்சுச் சொல்லுங்க.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்தேன். பால், தண்ணீர் லாரி, கேஸ் சிலிண்டர், எல்லாமே உன் பாணியில் இருந்தன. அவள் கொஞ்சம் சிரித்தாள். பாதி நோட்டுக்கு மேல் ஒரு பக்கத்தில் ‘ஒன் – ஜோக்கர்’ என்று இருந்தது. நேரம் காலை ஆறு பத்து. அதற்குப் பின் நான்கைந்து பக்கங்கள் தள்ளி, ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ‘ஒன் – பிங்கோ. நெஞ்சு.’ என்று இருந்தது. நீ இறந்தது அதற்கடுத்த மூன்றாவது வாரம்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல், தினமும் காலையில் என்னோடு நடந்து, டீக்கடையில் குத்தம்பாக்கத்துப் புதுப் பேருந்து நிலையத்தைப் பற்றி எல்லாரோடும் சண்டை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய்.

அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். இதை எப்படிச் சொல்வது? நெஞ்சு என்ற சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். நான் பொய் சொல்லிப் பழகாதவன் என்பது உனக்குத் தெரியும்.

“இது ஸ்கூட்டர் பெட்ரோல் அம்மா. தீர்ந்துபோச்சுன்னு எழுதியிருக்கான்” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். “ஸ்கூட்டரை வித்து ரெண்டு வருசம் ஆவுதுண்ணே.”

நான் கட்டைவிரலை இன்னும் அழுத்திக்கொண்டேன்.

“விரலை எடுங்க. இந்த ஊட்ல உப்பு தீந்தாலே பிங்கோன்னு கத்துன மன்சன். எனக்குத் தெரியாதா? எல்லாத்தையும் படிச்சிட்டேன். அந்தச் செவ்வாக்கெயம இன்னா ஆக்குனேன், அவுரு சரியா துன்னாரான்னு யோசிச்சிகினே கீறேன். ஞாபகமே வரமாட்டேங்குது.”

“அப்புறம் ஏம்மா என்னைப் படிக்கச் சொன்னே?”

“நீங்க படிக்கணும்னுதான். அடுத்த பக்கத்தைத் திருப்புங்க.”

திருப்பினேன். உன் கோழிக்கிறுக்கலில் என்னைப் பற்றி நான்கு வரிகள், நான்கு வெவ்வேறு நாட்கள். ‘ஸ்டேஷன் பாலம். டூ நடுப்படியில் நின்றான். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நடிப்பு.’ ‘பாலம். டூ இரண்டு முறை நின்றான்.’ ‘டூவின் செருப்பில் வாரே இல்லை.’ கடைசியாக, ‘டூ – ஜோக்கர். சொன்னேன். ரோஜர் என்றான்.’

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பட்டாபிராம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் மேலே நின்று, ரயில் போவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே, “மாமே, ஒரு தபா டாக்டராண்ட போய்ட்டு வா” என்றாய். நான் ரோஜர் என்றேன். உடனே தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நீயும் விட்டுவிட்டாய். அன்று உனக்கும் மூச்சு வாங்கியது. நான் அதைக் கவனித்தேன், வேதா. பாலத்தின் உயரம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, இல்லை, அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்ததா?

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. என் எரிபொருளை நாள்வாரியாகக் குறித்து வைத்தவனுக்கு உன்னுடையதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்ல என்ன கேடு? உப்புக்கும் கறிவேப்பிலைக்கும் ஊரைக் கூட்டியவன், நெஞ்சு வலித்தபோது மட்டும் நோட்டில் எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டுவானா? பிங்கோ என்பது சொல்ல வேண்டிய சொல்லடா, எழுதி வைக்கிற சொல் இல்லை. நீ பாலத்தின் மேல் அதைச் சொல்லியிருந்தால் விதிப்படி நான் மறுபேச்சுப் பேசியிருக்க முடியாது. இருவரும் திரும்பியிருப்போம். பயந்துகொண்டாவது உன்னோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்திருப்பேன். நான் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்லாமல் விட்டாயா? அல்லது உனக்கும் என்னைப்போலவே பயமா? அத்தனை சத்தம் போட்டவனுக்கா?

எனக்கு மூச்சு வாங்குவது என் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. மகனும் மருமகளும் விடிந்ததும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். நல்ல காரணம்தான் என்று நேற்றுவரை எண்ணியிருந்தேன்.

ராஜேஸ்வரி அதையெல்லாம் கேட்கவில்லை. தானே போய் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள். சீட்டை என் சட்டைப் பையில் செருகினாள். “வெள்ளிக்கெயம எட்டரைக்கு ஆட்டோ உங்க ஊட்டாண்ட நிக்கும். நானும் வரேன்” என்றாள்.

“ரோஜர்” என்றேன். பழக்கதோஷம்.

“அந்தக் கதையே வாணாம்ணே” என்றாள். “அதைச் சொல்லித்தான் அவுரை ஏமாத்துனீங்க. என்கிட்ட செல்லாது. வேற சொல்லு ஒண்ணு கீது. அதைச் சொல்றதுன்னா சொல்லுங்க. இல்லாட்டி ஊட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க.”

சொல்லாமல்தான் வந்தேன். நோட்டையும் என்னிடமே கொடுத்து அனுப்பிவிட்டாள். வரும் வழியில் பாலத்தில் ஏறினேன். நடுப்படியில் நின்றேன். குனிந்து செருப்பைத் தொடப் போனேன். பார்க்க யாரும் இல்லை. இருந்தாலும் வெட்கமாக இருந்தது. நிமிர்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேராகவே நின்று மூச்சு வாங்கினேன். காய்கறிப் பையோடு ஏறி வந்த ஓர் அம்மாள், “இன்னா பெரிவரே, முடியலயா?” என்று கேட்டார். “முடியவில்லை அம்மா” என்றேன். வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சொன்னால் இவ்வளவுதானா நடக்கும், வேதா? இதற்கா நாம் இருவரும் அப்படி ஒளிந்தோம்?

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். இரவுச் சாப்பாட்டின்போது மருமகளிடம் வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். அவள் திட்டினாள். திட்டிக்கொண்டே விடுப்புக்கு எழுதிப் போட்டாள். ஆட்டோவில் மூன்று பேர் போகிறோம்.

உன் பச்சை நோட்டில் கடைசி வரிக்குக் கீழே இடம் இருந்தது. பேனாவை எடுத்து, நான் எப்போதும் எழுதுகிற முறைப்படி முதலில் நேரம் போட்டேன். பிறகு நீ நாற்பது வருடம் கேட்டுக் கேட்டு நான் தராத அந்தச் சொல்லை எழுதினேன். எழுதினால் மட்டும் போதாது என்று உன்னிடம்தான் இப்போது கத்திக்கொண்டிருந்தேன். ஆகவே ராஜேஸ்வரிக்குப் போன் செய்து வாயாலும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

உனக்கும் அதையே சொல்கிறேன், நாலு பேர் படிக்கும்படி.

வில்கோ.

உன் மனைவி அண்ணன் என்று அழைத்ததால் உனக்கு மச்சான் ஆகிப்போனவன்,
நடேசன்