பென்சில் புள்ளி வைத்த ஸ்லைடு

ஜூன் 12

மேட்டூர் திறந்தாச்சு என்று பஸ்ஸெல்லாம் பேச்சு. எனக்குக் காதில் ஏறவில்லை. கருத்தரங்க அழைப்பிதழை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். செம்மொழி என்ற என் பெயரே இல்லை.

மூன்று வருடம் எலிக் கருவை உறையவைத்துச் சீவியது நான். புரதத்தை வெட்டும் நொதி கருவில் எங்கே வேலை செய்கிறது என்று கண்டது நான்: பதின்மூன்றாம் நாள், விரல்களுக்கு நடுவே. வெட்டு நடக்கும் இடம் பச்சையாக ஒளிரும்.

துறைத்தலைவர் இளம்பரிதியிடம் கேட்டேன்.

"ஸ்லைடு போட்டீங்க மேடம், அவ்வளவுதானே? நன்றியில பேர் சொல்றேன்."

அவ்வளவுதானாம்.

ஜூன் 15

அவர் காட்டப்போகும் படம் நோட்டீஸ் போர்டில். விரலையே காணோம். கல்லீரல்தான் பளபளக்கிறது. நொதி அங்கேதான் மும்முரமாம்.

வால் நுனியில் ஒரு மடிப்பு — என் கத்தி விட்ட மடிப்பு. நொதியைத் தடுக்கும் மருந்து போட்ட ஸ்லைடு அது! அதில் எதுவும் வெட்டுப்படாது. கல்லீரலில் மினுங்குவது கருவின் இரத்தம். அது தானாகவே மினுங்கும். மருந்து போட்டதற்கு மூலையில் பென்சில் புள்ளி வைப்பது என் வழக்கம். பெட்டியில் பளிச்சென்று இருந்ததை எடுத்திருக்கிறார். புள்ளி எதற்கென்று கேட்கவே இல்லை.

சொல்ல வேண்டாமா?

மாட்டேன். மேடை ஏறட்டும்.

ஜூன் 16

பல் தேய்க்கும்போதுகூடச் சிரிப்பு வருகிறது.

ஜூன் 22

எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சஃபியாவிடம் மட்டும் சொன்னேன்.

"அன்னிக்கு முன் வரிசையில எனக்கொரு சேர் போடுங்க மேடம்." சிரித்தாள். பிறகு, "மொத்தப் பெட்டியும் தப்புன்னு ஒதுக்கிட்டா? உங்க விரல் ஸ்லைடும்ல சேந்து போயிடும்?"

"போகட்டும். மூணு வருஷத்த முழுங்கிட்டு நன்றி சொல்றாராம், நன்றி!"

"எலி வளத்தவ பேரு எங்கன்னு நான் உங்கள கேட்டேனா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

ஜூலை 3

கருத்தரங்கில் இளம்பரிதி பேசி முடித்ததும் கை தூக்கினேன். "சார், மருந்து போட்ட ஸ்லைடு எப்படி இருந்துச்சு?"

"இருட்டுதான் மேடம். அதானே வேணும்?"

புள்ளி வைத்ததுதான் மருந்து போட்டது என்று சொல்லி, அந்த ஸ்லைடை மேடை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். திரையில் இருந்த அதே மடிப்பு, அதே பளபளப்பு. அவர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

இனித்தது — பொய் சொல்வானேன்?

வெளியூரிலிருந்து வந்த நடுவர் அம்மா என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சும் இத்தன நாள் சும்மாவா இருந்தீங்க?"

ஸ்லைடை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஜூலை 19

எல்லா ஸ்லைடையும் ஒதுக்கிவிட்டார்கள், விரலையும் சேர்த்து. நானும் இளம்பரிதியும் சேர்ந்து முதலிலிருந்து செய்ய வேண்டுமாம்.

இன்று புதுக் கரு. மருந்து போட்டதில் விரலிடை இருட்டு, போடாததில் பச்சை. இருந்தது, என் விரல் இருந்தது!

பெட்டி அட்டையில் பெயர் எழுதினேன். முதலில் சஃபியா. இத்தனை வருடம் எனக்கும் தோன்றவில்லையே.

மருந்து போடக் கற்றுக்கொள்ள இளம்பரிதி வந்து நின்றார். பென்சிலை நீட்டினேன், புள்ளி வைக்க. பக்கத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது.

உட்காரச் சொல்லவில்லை.