தள்ளி வைத்த டம்ளர்

அன்புள்ள அம்மாவுக்கு ஜெமிமா எழுதுவது. நான் சுகம். அப்பாவுக்கு இருமல் நின்றதா?

திருவொற்றியூர் ஆய்வகத்தில் எலிகளுக்குக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னது பொய். அது வெட்டை நோய்க்கான தடுப்பூசி. ஆண் பெண் உறவில் பரவும் நோய் என்பதால் சொல்லக் கூசினேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை எலிக்கூண்டு கழுவும் தேசம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். "எம் புருசனாண்டேர்ந்து எனக்கும் இந்தச் சீக்கு வந்துகீதுக்கா. இந்த ஊசி போட்டா பூடுமா?" என்றாள். நான் என்னை அறியாமல் என் டம்ளரைத் தள்ளி வைத்தேன். டம்ளரால் பரவாது என்று படித்தவள் நான். அவள் பார்த்துவிட்டாள். எழுந்து போனாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எங்கள் ஊசி நோய் வராமல் தடுக்கத்தான், அதுவும் இன்னும் எலிகளோடுதான் என்று அவளிடம் சொன்னேன். வந்த நோய்க்கு மருந்து இருக்கிறது, புருஷனும் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். இருவருக்கும் குணமாகிவிட்டது.

"அத்த வுடுக்கா" என்று சிரிக்கிறாள். ஆனாலும் தள்ளி நின்றுதான் டீ குடிக்கிறாள்.

உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. சபையில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் உண்மையையே சொல்லுங்கள். எலிகளுக்குத் தண்ணீர் வைக்க நேரமாகிவிட்டது.

உங்கள் ஜெமிமா