பாப்பாவின் கல்

பெப். 11, செவ்வாய்

கா. 5.20 பஸ், அக்காவும் நானும். இரத்தினபுரி தாண்டியும் மழை இல்லை. கஹவத்தை டவுனில் ரூம். மீன் வைத்த மாலு பாண் நான்கு, அட்டை கடிக்காமல் காலில் தேய்க்கச் சவர்க்காரம் ஒரு கட்டி.

றப்பர் இலை உதிரும் காலம். கால் வைத்த இடமெல்லாம் சரசரப்பு. அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தபோது தோட்டத்து எல்லையில் வாங்கிய அரை ஏக்கர். எண்பத்துமூன்று கலவரத்தில் ஓடியபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினொன்று. வவுனியா போனோம். அங்கேயும் சண்டை. அப்பா அங்கேயே போய்ச் சேர்ந்தார். அக்கா இன்னும் அங்கேதான், நான் வத்தளையில்.

வீடு இல்லை. மிச்சம்: ஈரப்பலா மரம் ஒன்று, கிணற்றுக் கட்டு, அம்மா நட்ட ரம்பைச் செடி, அட்டை ஏராளம்.

நிலத்தை விற்க வெள்ளிக்கிழமை லோயரிடம் கையெழுத்து. வாங்குவது சுனில், பக்கத்து வளவுச் சோமா நந்தாவின் மகன். நந்தா என்றால் சிங்களத்தில் அத்தை. சிறு வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்கு இது முடிந்தால் போதும். அக்கா குண்டு போட்டாள்.

"பாப்பா கல்ல பாக்காம நா கையெழுத்துப் போட மாட்டேன் அருளு."

பாப்பா, எனக்கு முன்னால் பிறந்து நாற்பது நாளில் போன அண்ணன். வீட்டு வளவிலேயே புதைத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் அவன் பாப்பாதான், வேறு பெயர் நான் கேட்டதில்லை. ஈரப்பலாவுக்கும் ஓடைக்கும் நடுவில், சிலுவை போட்ட சிமெந்துக் கல் என்கிறாள். தேடினோம். இல்லை. நந்தா துணி துவைக்கும் இடத்தருகே ஒரு தட்டைக் கல். உட்கார்ந்து மாலு பாண் தின்றேன்.

பெப். 12, புதன்

வெயில். கத்தி இரவல் வாங்கிக் காடு வெட்டினோம். அக்காவுக்கு மூட்டுவலி, ஒப்புக்கொள்ள மாட்டாள்.

நந்தா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாளைதான் வருவாளாம். சுனிலிடம் கேட்டேன். தெரியாது என்றான், முகத்தைப் பார்க்காமல்.

"இவன்தான் பேத்து எறிஞ்சிருப்பான்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் ஒரு கல்லுக்காக வாங்குகிறவனை விட முடியுமா என்று கத்திவிட்டேன். அக்கா அழுதாள். பிறகு அவளே தோடம்பழம் உரித்து நீட்டினாள். விதை கூட எடுத்திருந்தாள். எனக்கு என்னவோ இன்னும் ஆறு வயது என்ற நினைப்பு.

பெப். 13, வியாழன்

தூறல். நந்தா வந்தாள். இரண்டு பல்தான் மிச்சம். அக்காவைக் கட்டிக்கொண்டு "அனே துவே", ஐயோ மகளே, என்று ஒரு பாட்டம் அழுகை. நான் அவளுக்குப் புத்தே, மகன். கல் எங்கே என்றதும் சிரித்துவிட்டாள்.

"இந்தா இருக்கு. போற அன்னிக்கு ஒங்க அப்பாவே கவுத்துப் போட்டுட்டுப் போச்சு. தமிழ் எழுத்துப் பாத்தா ஒடச்சிருவாங்கன்னு."

நான் உட்கார்ந்து மாலு பாண் தின்ற கல்.

யுத்த காலத்தில் ஆமி செக்கிங் வந்தபோது, சுனில் பயந்து அதை ஓடையில் தள்ளிவிடலாம் என்றானாம். இவள் விடவில்லை. அவன் நேற்று முகம் பார்க்காதது அதனால்தான்.

"அதுல துணி தொவைக்க மாட்டேன் புத்தே. பக்கத்துக் கல்லுலதான். சோப்பு மட்டும் வெப்பேன்."

சுனில் கல்லை நெம்ப அலவாங்கு கொண்டுவந்தான். நாலு பேருமாகப் புரட்டினோம். மண்ணுக்குள் முகம் புதைத்துக் கிடந்ததால் எழுத்து அப்படியே புதிதாக: ஞா. அருள்தாஸ். நாற்பது நாள்.

என் பெயர்.

"அவன் பேரத்தான் ஒனக்கு வச்சாங்க. நீ பயந்துருவன்னு அப்பா சொல்ல வேணாம்னாரு."

பயந்தாங்கொள்ளிதான், உண்மை. அப்பா மேல் முதலில் கோபம். அந்தப் பெயரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே பெயரைச் சொல்லி என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

பெப். 14, வெள்ளி

லோயர் ஒபிஸ். புழுக்கம். நந்தாவும் வந்திருந்தாள், நல்ல சேலையில். அக்கா ஒரே இழுப்பில் போட்டுவிட்டாள். கல்லைப் பார்த்தாயிற்று, மனம் ஆறிவிட்டது அவளுக்கு.

என் முறை. 'ஞா. அரு' வரை எழுதினேன். அங்கே நிறுத்திவிட்டேன்.

"என்னடா?"

"அந்தக் கல்லு இருக்கிற மூல மட்டும் எனக்கு வேணும்க்கா."

லோயர் பேனாவை மூடினார். சுனில் தாயைப் பார்த்தான். நந்தா என்னைப் பார்த்தாள்.

"அப்ப நா சோப்பு எங்க வெக்கிறது?"

"அங்கயே வைங்க நந்தே."